வசைக்குப் பொருள் உண்டா? றூர் மைதானங்களின் கோஷங்களும் நமது கள்ளத்தோணியும்

நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் காலை ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன் என்பது தெரிந்த நாளிலிருந்து சக தொழிலாளர்கள் என்னைப் பாதிக் கேலியாகவும் பாதி அன்பாகவும் 'ப்ரொபெஸர்' என்றே அழைக்கிறார்கள். அவர்களுக்குள் தீராத வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் என் தலையில்தான் விழும். அண்மையில் வந்த வழக்கு உதைபந்தாட்டம் பற்றியது. எனக்கு உதைபந்தாட்டம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வழக்கு ஆட்டம் பற்றியதல்ல. மைதானத்தில் எதிரணியைப் பழிக்கப் பாடும் ஒரு கோஷத்திற்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்பது பற்றியது. அது எனக்குத் தெரிந்த துறைக்குள் வருகிறது. எனவே எழுதத் துணிகிறேன்.

வாதி, ஓய்வூதியத்தை நெருங்கும் ஒரு ஷால்க்கெ இரசிகர். அவருடைய குடும்பப்பெயர் 'ஸ்கி' என்று முடியும். பிரதிவாதி, ஸ்ராப்ளர் ஓட்டும் டோர்ட்முண்ட் இளைஞன். கெல்சன்கிர்ஷன் நகரின் ஷால்க்கெ கழகமும், முப்பது கிலோமீற்றர் அளவில் கிழக்கேயுள்ள டோர்ட்முண்ட் நகரின் பொருசியாக் கழகமும் பரம வைரிகள் என்பதை இங்கே வாழும் நம்மவர் எல்லோரும் அறிவர். பெயரைச் சொல்லவும் வாய் கூசுமளவுக்கு வைரம். டோர்ட்முண்ட்காரர் ஷால்க்கெயை 'ஹேர்ன மேற்கு' என்பர். ஷால்க்கெகாரர் டோர்ட்முண்டை 'லூடன்ஷைட் வடக்கு' என்பர். அயலிலுள்ள ஏதோ ஒரு சிறுநகரத்தின் ஓரம் என்று பொருள். மாமியார் பெயரைச் சொல்லாத மருமகள் போல, ஆனால் மரியாதையினால் அல்ல.

இளைஞன் முணுமுணுத்துக்கொண்டிருந்த கோஷத்தின் சாரம், ஷால்க்கெகாரர் வாழ்நாள் முழுவதும் கையில் தட்டு ஏந்தப்போவதில்லை என்பது. தட்டு என்பது ஜேர்மன் சம்பியனுக்கு வழங்கப்படும் வெள்ளித்தட்டு. நமது மொழியில் தட்டேந்துவது இழிவு. இங்கே ஏந்தாதிருப்பது இழிவு. 'வாழ்நாள் முழுவதும்' என்பது ஷால்க்கெ இரசிகர் தமது விசுவாசத்தைச் சொல்லப் பாடும் சொற்றொடர். அதைப் பறித்து அவர்களுக்கே திருப்பி எறிவதில்தான் இந்தக் கோஷத்தின் குறும்பு இருக்கிறது.

பெரியவரின் வாதம் இது: "இந்தப் பாட்டு சுத்தப் பிதற்றல். நாங்கள் ஏழு முறை ஜேர்மன் சம்பியன். என் தகப்பனார் 1958இல் கண்ணாலே பார்த்தவர்." இளைஞன் சொன்னான்: "பாட்டு உன் அப்பாவைப் பற்றியதல்ல, உன்னைப் பற்றியது. நீ எத்தனை முறை பார்த்தாய்?" பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

வரலாற்று மாணவன் முதலில் செய்யவேண்டியதைச் செய்தேன், ஆண்டுகளைச் சரிபார்த்தேன். ஷால்க்கெ சம்பியனான ஆண்டுகள் 1934, 1935, 1937, 1939, 1940, 1942, 1958. ஆனால் இன்றைய தட்டு 1949இல்தான் செய்யப்பட்டது. அதற்கு முன் சம்பியனுக்குக் கிடைத்தது 'விக்டோரியா' என்ற சிலை. ஆகவே முதல் ஆறு வெற்றிகளிலும் ஷால்க்கெயின் கையில் தட்டு இருந்திருக்க முடியாது. 1958 மே 18 அன்று ஹனோவரில் ஹம்பேர்க் அணியை 3-0 என்று வென்றபோது ஒரே ஒரு முறை அது கைக்கு வந்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கழகத்தைப் பொறுத்தவரை கோஷம் பொய். 1958இற்குப் பின் பிறந்த இரசிகனைப் பொறுத்தவரை மெய். கழகத்தின் ஆயுளுக்கு எல்லையில்லை, இரசிகனின் ஆயுளுக்கு உண்டு. யாருடைய வாழ்நாள் என்பதை கோஷம் வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறது.

ஆயினும், வசையை நிறுத்துப் பார்ப்பதற்கு மெய், பொய் என்ற தராசு போதாது. 2001 மே 19ஐ எடுத்துக்கொள்வோம். அன்று ஷால்க்கெ தன் கடைசி ஆட்டத்தில் உன்டர்ஹாஹிங்கை 5-3 என்று வென்றது. ஹம்பேர்க்கில் பயேர்ண் மியூனிச் தோற்றுக்கொண்டிருந்தது. ஷால்க்கெ மக்கள் மைதானத்துள் இறங்கிக் கட்டித்தழுவி அழுதார்கள். நான்கு நிமிடம் கழித்து, மேலதிக நேரத்தில், பயேர்ணின் பட்றிக் அண்டர்சன் ஒரு கோல் அடித்தார். தட்டு மியூனிச் போனது. அப்போது நான் இந்நாட்டிற்கு வந்து ஓராண்டு. அகதிகள் ஹைமின் பொதுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர், "அசூல் அங்கீகாரம் வந்து இனிப்புக் கொடுத்து முடிய மேன்முறையீட்டுக் கடிதம் வந்தமாதிரி" என்றார். விளையாட்டின் விதி தெரியாத நாங்கள் எல்லோரும் அந்த அழுகையை விளங்கிக்கொண்டோம். 2007 மே 12 அன்று மறுபடி தட்டை நெருங்கி நின்ற ஷால்க்கெயை டோர்ட்முண்ட் 2-0 என்று வீழ்த்தி வழிமறித்தது. தட்டுக் கோஷத்திற்குக் கூர் கிடைத்தது இந்த இரண்டு மே மாதங்களினால்தான். எதிரியின் மிக நுண்ணிய வலியை நாள் தேதியுடன் மனப்பாடம் செய்தவனால்தான் இத்தகைய வசையைப் பாடமுடியும். ஒருவகையில் அதுவும் நெருக்கந்தான்.

இந்த நெருக்கத்தின் வேர் நிலக்கரியில் இருக்கிறது. ஷால்க்கெ 1904இல் சுரங்கப் பகுதி இளைஞர்கள் தொடங்கிய கழகம். பொருசியா டோர்ட்முண்ட் 1909 டிசம்பரில், தங்கள் பந்தாட்டத்தை விரும்பாத பாதிரியாரோடு முரண்பட்ட கத்தோலிக்க இளைஞர்களால், உருக்காலைக் குடியிருப்புகளின் நடுவே தொடங்கப்பட்டது. இரண்டு நகரங்களையும் நிரப்பியவர்கள் கிழக்கிலிருந்து வந்த கூலிகள்: போசன் பகுதியின் கத்தோலிக்கப் போலந்தியர், கிழக்குப் பிரஷியாவின் தெற்கிலிருந்து வந்த, போலந்துக் கிளைமொழி பேசிய, புரட்டஸ்தாந்து மசூரியர். மேலே இருந்த ஜேர்மானியருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. எல்லோரும் 'பொலாக்'. ஷால்க்கெயைப் 'பொலாக் கழகம்' என்று பழிப்பது 1920களில் சாதாரணம். அணியின் பெயர்ப்பட்டியல் அதற்குத் தோதாக இருந்தது: குசொர்ரா, ஷெப்பான், கல்விட்ஸ்கி, டிபுல்ஸ்கி.

1934 ஜூன் 24 அன்று பேர்லினில் ஷால்க்கெ நூர்ண்பேர்க்கை 2-1 என்று வென்று முதன்முறை சம்பியனானது. கடைசி நிமிடங்களில் ஃப்ரிட்ஸ் ஷெப்பானும் ஏர்ன்ஸ்ட் குசொர்ராவும் கோல் அடித்தார்கள். போலந்துப் பத்திரிகைகள் இதைப் போலந்தியரின் வெற்றி என்று கொண்டாடின. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டு. கழகம் பதறிப்போய் 'கிக்கர்' சஞ்சிகையில் மறுப்பு வெளியிட்டது. வீரர்களின் பெற்றோர் எல்லோரும் ஜேர்மன் மண்ணாக இருக்கும் அல்லது இருந்த இடங்களிலேயே பிறந்தவர்கள், போலந்திலிருந்து குடியேறியவர்கள் அல்லர் என்பது அதன் சாரம். சேர்வின்ஸ்கி என்ற வீரர் தமது பெயரை றொட்ஹார்ட் என்று மாற்றிக்கொண்டார்.

அந்த மறுப்பில் தகவற்பிழை இல்லை எனலாம். மசூரியர் பிரஷியக் குடிகளே. அச்சத்தின் காலத்தில் எழுதப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆனால் அதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். "போலந்தியனாக இருப்பதில் என்ன இழிவு?" என்று அது கேட்கவில்லை. "நாங்கள் போலந்தியர் அல்ல" என்றது. வசையின் அடித்தளத்தை ஏற்றுக்கொண்டு, அந்த முகவரி நமதல்ல என்று தபாலைத் திருப்பி அனுப்புவது போன்ற பதில். தபால் வேறொரு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

போகவும் செய்தது. ஃப்ரிட்ஸ் ஷெப்பான் 1937இல் நாஸிக் கட்சியில் சேர்ந்தார். 1938இல் ஷால்க்கெச் சந்தைச் சதுக்கத்தில் யூதருக்குச் சொந்தமாக இருந்த ஒரு துணிக்கடை, யூதச் சொத்துகளை 'ஆரியமயமாக்கும்' நடவடிக்கையின் கீழ் அவர் கைக்கு வந்தது. அதன் உரிமையாளர்கள் 1942இல் ரீகாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். 2001இல் புதிய மைதானத்தருகே ஒரு வீதிக்கு அவர் பெயரை இடும் யோசனை இந்த உண்மையின் முன் கைவிடப்பட்டது. பொலாக் என்று வசைபட்ட சுரங்கக் குடும்பத்தின் பிள்ளை, வசை இன்னொருவன் மேல் இறங்கியபோது அதன் இலாபத்தில் பங்கெடுத்தான். வசைபட்டவன் இயல்பாகவே வசைக்கு எதிரானவனாகி விடுவான் என்று நம்மில் பலர் நம்புகிறோம். வரலாறு அப்படி எந்த உத்தரவாதமும் தரவில்லை.

இனி இரண்டாவது கோஷம். இதுவே என்னை இந்தக் கட்டுரைக்குத் தள்ளியது. தொழிற்சாலையில் அல்ல, என் வீட்டில் கேட்டது. இங்கே பிறந்த என் மகன் டோர்ட்முண்ட் பக்கம். ஒரு சனிக்கிழமை மஞ்சள் கறுப்புச் சால்வையோடு படியேறி வரும்போது உற்சாகமாகப் பாடிக்கொண்டு வந்தான். எதிரணியினர் 'அசோஸியால்', அதாவது சமூகத்தில் சேராத கழிவுகள்; பாலத்தின் கீழும் ரயில் நிலையத் தர்ம நிலையத்திலும் படுத்துறங்குபவர்கள் என்பது அதன் உள்ளடக்கம். ஊர்ப்பெயரை மாற்றி மாற்றி ஜேர்மனியின் பல மைதானங்களில் பாடப்படுவது இது.

ரயில் நிலையத் தர்ம நிலையம், அதாவது பான்ஹோஃப்ஸ்மிஸியோன், 1894இல் பேர்லினில் தொடங்கியது. வேலைதேடித் தனியே நகரத்துக்கு வந்திறங்கும் கிராமத்துப் பெண்களைத் தரகர்களிடமிருந்து காப்பது அதன் முதல் நோக்கம். 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பை ஒன்றுடன் ஒரு பெருநகரில் வந்திறங்கி எங்கே போவதென்று தெரியாமல் நின்ற எனக்குத் தேநீரும் பாணும் தந்து விடியும்வரை கதிரை ஒன்றில் இருக்க இடம்தந்தது அத்தகைய ஒரு நிலையம். என் மகனுக்கு இதை நான் சொல்லியிருக்கவில்லை. நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் முதல் இரவுகளில் ஒன்று அது.

'அசோஸியால்' என்ற சொல்லுக்கும் ஒரு கோப்பு உண்டு. 1938 ஏப்ரலிலும் ஜூனிலும் நாஸிகள் 'வேலைக்கஞ்சிகள்' என்ற பெயரில் நடத்திய வேட்டையில் வீடற்றோர், பிச்சை எடுத்தோர், நாடோடிகள், சிந்தி ரோமா மக்கள் என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். 'அசோஸியால்' என்று வகைப்படுத்தப்பட்டோரின் சட்டையில் தைக்கப்பட்டது கறுப்பு முக்கோணம். இவர்களும் நாஸிசத்தின் பலிகளே என்று ஜேர்மன் நாடாளுமன்றம் தீர்மானித்தது 2020 பெப்ரவரியில். எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. எஞ்சியிருந்தவர் மிகச் சிலர். இதே படிக்கட்டின் அடிப்படியில் இன்னொரு கோஷமும் இருக்கிறது. எதிரணியின் நகரத்திலிருந்து ஔஷ்விற்ஸுக்குச் சுரங்க ரயில்பாதை போடுவோம் என்பது அது. அதையும் பாடியவர்கள் இருக்கிறார்கள், விளையாட்டு என்றே சொல்லிக்கொண்டு.

இந்த இடத்தில் நாம் நம் பக்கம் திரும்பாவிட்டால் இக்கட்டுரை ஜேர்மானியருக்கு நீதிபோதனை செய்வதாக முடிந்துவிடும். நம்மிடம் ஒரு சொல் இருந்தது: கள்ளத்தோணி. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் அவர்களை எண்ணிப் பங்கிட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அக்காலமெல்லாம் சிங்களப் பேரினவாதம் கள்ளத்தோணி என்று எல்லாத் தமிழரையும் பார்த்துக் கத்தியபோது, யாழ்ப்பாணத்து மேடைகளிலிருந்து போன பதில் என்ன? நாம் வந்தேறிகள் அல்ல, இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் என்பது. இதுவும் தகவற்பிழை அல்ல. இதுவும் 'கிக்கர்' சஞ்சிகைக்குப் போன அதே கடிதம். தோணியில் வருவது இழிவு என்பதை ஏற்றுக்கொண்டு, தோணி நமதல்ல என்றோம். தபால் மலையகத்தான் வீட்டுக்குப் போயிற்று. அதற்கென்று நாமே 'தோட்டக்காட்டான்' என்ற முகவரியையும் எழுதி வைத்திருந்தோம். மலையகத்தாரின் குடியுரிமைப் பிரச்சினையில் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது உண்மை. ஆனால் கட்சித் தீர்மானம் வேறு, கிணற்றடியிலும் வகுப்பறையிலும் புழங்கிய சொல் வேறு. 1977 வன்செயலுக்குப் பின் வன்னியில் வந்து குடியேறிய மலையக மக்களைக் கேட்டால் தெரியும்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நான் விரிவுரையாளனாக இருந்த காலத்தில், மலையகத்திலிருந்து வந்த ஒரு மாணவனைச் சக மாணவர்கள் அந்தச் சொல்லால் அழைத்து, மேசையில் தாளம்போட்டுப் பாட்டுக் கட்டினார்கள். அவனும் சிரித்தான். நான் அதை இளமைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டு, கரும்பலகையை அழித்துவிட்டுக் காலனித்துவப் பொருளாதாரம் பற்றிய விரிவுரையைத் தொடங்கினேன். அன்றைய பாடம் பெருந்தோட்டங்கள். அவன் சிரித்ததை நான் அனுமதியாகக் கணக்கு வைத்தேன்.

1986 ஓகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். உண்மையில் அவர்களைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது மேற்கு ஜேர்மனியிலிருந்து. நாம் இன்று வாழும் இந்த மண்ணிலிருந்துதான் பூர்வீகக் குடிகளின் பிள்ளைகள் தோணியேறினார்கள். அந்தச் சொல் கடைசியில் சரியான முகவரிக்கே வந்துசேர்ந்தது. வந்தபோதுதான் அதில் இழிவு எதுவும் இல்லை, உயிராசை மட்டுமே இருந்தது என்று தெரிந்துகொண்டோம்.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவற்றை ஒதுக்க முடியாது. முதலாவது: மைதானம் ஒரு தனி உலகம், அங்கே வசை ஒரு சடங்கு. 1904 முதல் நடந்துவரும் யாழ் மத்திய கல்லூரி, பரியோவான் கல்லூரி துடுப்பாட்டப் போட்டியைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், பறையும் பப்பரவாவும் கேலிப்பாட்டும் இல்லாத போட்டி போட்டியே அல்ல. இங்கேயும் அப்படி வேடிக்கைகள் உண்டு. 1969 செப்ரெம்பர் 6 அன்று டோர்ட்முண்ட் மைதானத்தில் காவலுக்கு நின்ற நாய் ஒன்று ஷால்க்கெ வீரர் ஃப்ரீடெல் றவுஷின் பின்புறத்தைக் கடித்தது. அடுத்த ஆட்டத்திற்கு ஷால்க்கெ தன் பங்குக்குச் சிங்கங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. இது சண்டையல்ல, நாடகம். நமது காளமேகத்தின் வசைக்கவிகளை இரசிப்பவன் இதை வெறுக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது: வசைபட்டவனே வசையை எடுத்து அணிந்துகொள்ளலாம். மன்ஹைம் நகரின் வால்ட்ஹோஃப் இரசிகர் அதே பாலத்தடிப் பாட்டைத் தங்களைப் பற்றியே, பெருமையோடு பாடுகிறார்கள். 'அசோஸியால் என்றாயா? ஆம், நாங்கள்தான், இப்போது என்ன செய்வாய்?' என்ற தொனி. 1934இன் கடிதத்தைவிட இது நிச்சயமாகத் துணிச்சலான பதில். ஆயினும் ஒன்றைக் கேட்கவேண்டும். பாலத்தின் கீழ் உண்மையாகவே படுப்பவன் அந்த மைதானத்தில் இல்லை. அவனிடம் நுழைவுச்சீட்டு வாங்கப் பணமில்லை. அவனைப் பற்றிய பாட்டை எதிரி பாடினாலும் நாமே பாடினாலும் அவனைக் கேட்டுப் பாடவில்லை.

ஆகவே தொழிற்சாலை வழக்கில் நான் சொன்ன தீர்ப்பு இது. தட்டுக் கோஷத்திற்குப் பொருள் உண்டு. நீ செய்யத் தவறியதை அது சொல்கிறது. ஒரு மே மாதத்தில் நீ தட்டை வென்றால் அந்தப் பாட்டு அன்றோடு செத்துவிடும். பதில் சொல்லும் வாய்ப்பை அது உன் காலில் விட்டுவைக்கிறது. 'பொலாக்', 'அசோஸியால்', 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்பவை அப்படியல்ல. உன் பிறப்பையும் வறுமையையும் வந்த வழியையும் சொல்கின்றன; எத்தனை கோல் அடித்தாலும் அவை ஓயா. ஏழு முறை வென்றும் 'ஸ்கி' என்ற விகுதி உதிரவில்லை. முதல்வகை வசை விளையாட்டுக்குள் நிற்கிறது. இரண்டாம் வகை விளையாட்டைக் கடன்வாங்கி வேறொன்றைச் செய்கிறது. இரண்டுக்கும் இடையில் வேலி இல்லை, ஒரே தொண்டை, ஒரே மெட்டு என்பதுதான் சிக்கல். நான் வேலி போட்டுவிட்டதாக நினைக்கவில்லை.

பெரியவர் ஒன்றை நினைவூட்டினார். 1997 பெப்ரவரி 14இல் சுரங்கங்கள் மூடப்படுவதை எதிர்த்து றூர் பிரதேசத்தின் குறுக்கே 93 கிலோமீற்றர் நீளத்துக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். நீலமும் மஞ்சளும் கைகோத்தன. அந்த மே மாதம் ஒரு வார இடைவெளியில் ஷால்க்கெ மிலானில் ஐரோப்பியக் கிண்ணம் ஒன்றையும், டோர்ட்முண்ட் மியூனிச்சில் சம்பியன் கிண்ணத்தையும் வென்றன. "அந்த வருடம் நாங்கள் எல்லோரும் 'றூர்பொட்' என்றுதான் கத்தினோம்" என்றார். றூர்பொட் என்பதும் மேலிடத்தார் இந்தக் கரிப்பிரதேசத்தை இளக்காரமாகச் சொன்ன பெயர்தான். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பொட்ரொப்பில் மூடப்பட்டது. சங்கிலியும் நிலைக்கவில்லை, கரியும் நிலைக்கவில்லை, வசை மட்டும் நிலைத்தது என்று இளைஞன் சிரித்தான். மணி அடித்தது.

வீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. மகனிடம் அந்த முதல் இரவைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா, அது சும்மா பாட்டு. உங்களைப் பற்றியதில்லை" என்றான். என் மாணவர்களும் அன்று இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பிறகு, "அந்த மிஸியோன் எந்த ஸ்ரேசனில்?" என்று கேட்டான். சொன்னேன். அந்த நிலையத்தின் வழியாகத்தான் அவன் ஆட்டம் பார்க்கப் போகிறான். இனிப் பாடுகிறானா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அந்த மலையக மாணவன் இப்போது எங்கே இருக்கிறான் என்றும் எனக்குத் தெரியாது. இந்தச் சஞ்சிகை அவன் கைக்குக் கிடைத்தால், அன்று அவன் ஏன் சிரித்தான் என்பதை அவனே எழுதட்டும். இந்த விவாதத்தில் என் தீர்ப்பைவிட அவன் சாட்சியம்தான் முக்கியம்.